சீமாட்டி சொன்ன மாதம்

தையல்காரர் குடியிருந்த தெருவில் அந்தக் காதைக் கொண்டுவந்து மாட்டியபோது யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. விளக்குக் கம்பத்தில் ஆள் எட்டாத உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. முகத்தில் சல்லடை போலத் துளைகள், தலையில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பச்சை விளக்கும். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் 'பொதுவிட ஒலியுணர் கருவி'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் தெருவாசிகள் காது என்று கூப்பிட்டார்கள்.

சந்தேகத்துக்குரிய பேச்சு எங்காவது நடந்தால் கேட்டுச் சொல்வதற்காகக் கடல் தாண்டி வாங்கிவந்த சாமான் அது. நாய் குரைப்பதையும் மாடு கத்துவதையும் பேச்சு என்று நினைத்துக் குழம்பிவிடக் கூடாதே என்று, செய்தவர்கள் எல்லா விலங்குகளின் குரலையும் அதற்குக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிற முறைப்படி. நாய் 'வூஃப்' என்றால் பச்சை விளக்கு எரியும். 'லொள்' என்றால், தெரியாத பாஷையில் யாரோ யாருக்கோ ரகசியம் சொல்கிறார்கள் என்று சிவப்பு விளக்கு எரியும். செய்தி உடனே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும்.

மாட்டிய சில நாளிலேயே ஒரு பெரும் சதி அம்பலமானது. விடியும் நேரத்தில் பல கூரைகளிலிருந்து ஒரே சமயத்தில் 'கொக்கரக்கோ' என்று உத்தரவு பிறப்பிக்கிறார்கள். மழை விட்டதும் குட்டையோரம் பெருங்கூட்டம் கூடி ஒரே கோஷத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறது. சந்துக்குச் சந்து 'லொள்' என்று கேள்வி, 'வள்' என்று பதில். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஒரு சின்ன அதிகாரி யோசனை சொன்னாராம். அவரையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தனை விலை கொடுத்து வாங்கிய காது தப்பாகக் கேட்காது. அப்படியானால் தப்பாகக் கத்துவது விலங்குகள்தான். இப்படி முடிவாகி, விலங்கொலி ஒழுங்கு வாரியம் பிறந்தது.

தையல்காரருக்கு இதிலெல்லாம் மூக்கை நுழைக்கிற ஆசை கிடையாது. வாசல் அறையில் தையல் இயந்திரம், உள்ளே மனைவி, இன்னும் முழுதாகப் பேச்சு வராத பெண் குழந்தை, பின்கட்டில் சீமாட்டி என்ற வெள்ளாடு. குழந்தைக்குப் பசும்பால் சேராது. ஒரு வாய் குடித்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். சீமாட்டியின் பால்தான் ஒத்துக்கொண்டது. இவர்களோடு மனைவியின் தம்பியும் இருந்தான். கம்பங்களில் ஏறிக் காதுகளைத் துடைப்பது, கழற்றுவது, மாட்டுவது என்று வாரியத்தில்தான் அவனுக்கு வேலை. அவனுக்கு ஒரு பூனை. அவன் மடியிலேயே வளர்ந்தது.

ஒருநாள் காலை, சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது, வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்த வீட்ல ஆடு இருக்கா?"

"இருக்குங்க."

"பேசுமா?"

"ஆடுங்க அது," என்றார் தையல்காரர்.

ஒருவர் மற்றவரிடம், "நேரா பதில் சொல்ல மாட்டேங்கிறாரு, பார்த்தியா?" என்றார்.

விசாரணை அதிகாரியின் அறையில் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தது. அது கோணலாக வெட்டிய திரை என்பதைத் தையல்காரர் உட்காருவதற்கு முன்பே கவனித்துவிட்டார். பயத்தில்கூட அவர் கண் துணியின்மேல்தான் போகும். சுவரில் பெரிய அட்டை ஒன்று தொங்கியது. மாடு, நாய், பன்றி, வாத்து என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் அனுமதிக்கப்பட்ட ஒலி புகை மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தது.

"பயப்படாதீங்க," என்றார் அதிகாரி. "உங்க ஆடு நேத்து காலையில என்ன சொல்லிச்சு?"

"ஆடு என்னங்க சொல்லப் போகுது? கத்திச்சு."

"என்னன்னு கத்திச்சு?"

"மேன்னு."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எந்த வருஷம்?"

"புரியலீங்க."

"மேன்னு ஒரு மாசத்தைக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கு. இந்த வருஷ மேயா, அடுத்த வருஷ மேயா? மே மாசம் என்ன நடக்கப் போகுது?"

தையல்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அது பொறந்ததுலேர்ந்து அப்படித்தாங்க கத்துது," என்றார்.

"அப்போ ரொம்ப நாளா திட்டம் போட்டிருக்கு," என்று அதிகாரி சொல்ல, எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அதிகாரி நாற்காலியில் சாய்ந்து கனிவாகப் பேசினார். "இதப் பாருங்க, நாங்க யாரையும் தனிப்பட்டு சந்தேகப்படறதில்ல. யாரை சந்தேகப்படணும்னு எங்களுக்குத் தெரியாது. அதனால எல்லாரையும் சமமா சந்தேகப்படறோம். காக்காவையே எடுத்துக்கங்க. கா, கான்னு கத்துது. கான்னா காப்பாத்துன்னு அர்த்தம். யார்கிட்டேர்ந்து காப்பாத்தணும்? எங்ககிட்டேர்ந்தா? மாடு அம்மாங்குது. யாரோட அம்மா? அந்தம்மா எங்க குடியிருக்காங்க? இதையெல்லாம் கேட்க இத்தனை வருஷமா ஒரு ஆள் இல்லாம இருந்திருக்கு. நெனச்சாலே உடம்பு நடுங்குது. ஒண்ணுமே இல்லன்னு நாளைக்கு நிரூபணம் ஆச்சுன்னா வாரியத்தையே மூடிடுவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது. அதனால ஏதோ இருக்குங்கறதுல நாங்க ரொம்ப உறுதியா இருக்கோம்."

"நான் என்னங்க செய்யணும்?"

அதிகாரி பிரம்பால் அட்டையைத் தொட்டார். "செம்மறின்னா பா. வெள்ளாடுன்னா மா. உங்களுது வெள்ளாடு. மான்னு சொல்ல வைங்க. பயிற்சி வகுப்புக்கு வந்துடுங்க."

வாசலுக்கு வந்ததும் எழுத்தர் காதோடு காதாக, "உங்களைப் பத்தி வீட்டுக்குப் பக்கத்துலேர்ந்துதான் தகவல் வந்திருக்கு," என்றார். பெட்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். தையல்காரர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி வகுப்பு ஒரு பழைய கிடங்கில் நடந்தது. வளர்ப்பவர்கள் அவரவர் பிராணிகளோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர், மடியில் வாத்து. முன்வரிசை முழுக்கப் பூனைக்காரர்கள். அவர்கள் முகத்தில் தனிக் களை. மியாவ் என்பது இங்கேயும் மியாவ், ஆங்கிலத்திலும் மியாவ். பூனைகளுக்குத் திருத்த எதுவும் இல்லை. மாதிரியாகப் பார்க்கட்டும் என்று வரவழைத்திருந்தார்கள்.

பயிற்சியாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். "நம்ம விலங்குங்க கத்துறதுல ஒழுங்கு இல்ல. உணர்ச்சிவசப்பட்டு, வாய்க்கு வந்தபடி கத்துதுங்க. ஆங்கிலத்துல அப்படி இல்ல. நான் அந்த ஊர்ப் பக்கமே போனதில்ல. அந்த ஊர் நாய் குரைச்சு ஒருநாள்கூடக் கேட்டதில்ல. ஆனா முழுக்கப் படிச்சிருக்கேன். ஸ்பெல்லிங்கோட தெரியும். அதனால என்னோட வூஃப்தான் சுத்தமான வூஃப்."

சொல்லிவிட்டு ஒருமுறை குரைத்துக் காட்டினார். கிடங்கில் இருந்த நாய்கள் எல்லாம் காதை மடக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன.

நாய்க்காரர் ஒருவர் கை தூக்கினார். "ஐயா, போன சுற்றறிக்கையில பௌ-வௌன்னு போட்டிருந்துதே?"

"பெரிய நாய் வூஃப். சின்ன நாய் பௌ-வௌ."

"என்னுது நடுத்தரமுங்க."

"அதுக்குக் குழு போட்டிருக்கு. முடிவு வர்ற வரைக்கும் வாயைத் திறக்க விடாதீங்க."

சேவல்காரர் பாடுதான் பரிதாபம். 'காக்-அ-டூடுல்-டூ' என்பதை அவராலேயே சொல்ல முடியவில்லை. பாதியில் மூச்சு வாங்கியது. மூன்றாவது தடவை 'டூடுல்' என்ற இடத்தில் அவருடைய நாக்கு மடங்கிக்கொண்டதைப் பார்த்துத் தபால்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹீ ஹீ என்று அடக்கப் பார்த்து, முடியாமல் ஹா ஹா என்று வாய்விட்டுச் சிரித்தார். கிடங்குச் சுவரில் மாட்டியிருந்த இன்னொரு காதில் பச்சை விளக்கு எரிந்தது.

பயிற்சியாளர் அட்டையைப் பார்த்தார். கழுதை, ஹீ-ஹா.

"யாரோட கழுதை?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. காதின் துளைகள் பார்த்த திசையில் தபால்காரர்தான் இருந்தார். கழுதை வைத்திருப்பதை மறைத்துவிட்டார் என்று அவர்மேல் எழுதினார்கள். மறுநாள் நாலைந்து பேர் அவருடைய வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலும் துணி அலமாரியிலும் கழுதையைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. இவ்வளவு சாமர்த்தியமாக ஒரு கழுதையை ஒளித்துவைக்கத் தெரிந்தவர் வேறென்ன செய்யமாட்டார் என்று சந்தேகம் கூடியது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

தையல்காரர் தினமும் காலையில் சீமாட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பத்துக்கு எட்டாத மெல்லிய குரலில், "மா... சொல்லு, மா..." என்பார். அது தழையை மென்றுகொண்டே அவருடைய முகத்தைப் பார்க்கும். பிறகு நிதானமாக, "மே," என்று சொல்லும். கம்பத்தில் சிவப்பு எரியும். கொஞ்ச நாளில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. இது ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறது? மே மாதத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்குமோ? இருந்தால் இத்தனை வருஷம் தீனி போட்ட மனிதனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதைவிட, பக்கத்திலிருந்து தகவல் கொடுத்தது யார் என்ற கேள்விதான் அவரைக் குடைந்தது. துணி கொடுக்க வருகிறவர்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அளவெடுக்கும்போது ஒருவர், "ஆடு நல்லா இருக்கா?" என்று சும்மா கேட்டுவிட்டார். ஏன் கேட்டார் என்று அன்று முழுவதும் யோசித்துக் கால்சட்டையை ஒரு பக்கம் நீளமாகத் தைத்துவிட்டார்.

தெருவில் பூனைகளை எல்லோரும் வெறுக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கு வேண்டுமானாலும் போகும், எவன் வீட்டு மதில்மேல் வேண்டுமானாலும் உட்காரும், எப்போது வாயைத் திறந்தாலும் பச்சை விளக்கு. இதுகள்தான் போய்ச் சொல்கின்றன என்று ஒரு பேச்சு. பூனை வந்து உட்கார்ந்தால் புருஷன் பெண்டாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தையல்காரரின் வீட்டிலேயே ஒரு பூனை இருந்தது. அதை மடியில் வைத்திருந்தவன் வாரியத்தில் சம்பளம் வாங்கினான். இரண்டையும் முடிச்சுப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டார்.

"மச்சான், ஆபீஸ்ல நம்ம வீட்டைப் பத்தி ஏதாவது பேச்சு வருமா?"

"எனக்கு ஏணி ஏறத்தான் தெரியும் அத்தான். உள்ள என்ன பேசறாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"உள்ள பேசறது தெரியாது. இங்க பேசறது தெரியுமில்ல?"

அவன் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். "என்ன சொல்ல வர்றீங்க?"

"வீட்டுக்குப் பக்கத்துலேர்ந்துதான் தகவல் போயிருக்காம். ஆட்டுக்குத் தழை போடறது நீ. அது எப்ப கத்தும்னு உனக்குத் தெரியும். உன் பூனையைப் பத்தி மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. எப்படி?"

"என்னங்க, என்ன பேசறீங்க நீங்க?" என்றாள் மனைவி. "குழந்தைக்குப் பால் குடுக்குற ஆட்டை அவன் காட்டிக்குடுப்பானா?"

"நான் கேட்டது அவனை."

மைத்துனன் பாதிச் சோற்றோடு எழுந்தான். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தான். சட்டை துணிமணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டான். பூனையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். குழந்தை அவனுடைய காலைக் கட்டிக்கொண்டது. அதன் விரல்களைப் பிரித்து அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து மனைவி தையல்காரரோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைப்பாள்; ஒரு சொல் வராது. காதுக்குப் பயந்துதான் பேசாமலிருக்கிறாள் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

குழந்தைக்கு அப்போதுதான் வாய் திறந்துகொண்டிருந்தது. மாமா தூக்கிவைத்துக்கொண்டு ஆட்டைக் காட்டிக் காட்டிப் பழக்கியிருந்ததால், ஆடு கத்தினால் அதுவும் அதே குரலில் சந்தோஷமாக, "மே," என்று கத்தும். ஆடு ஒன்று, குழந்தை ஒன்று என்று எசப்பாட்டு மாதிரி போகும். யாருக்கும் இது ஒரு விஷயமாகப் படவில்லை, வாரியத்து ஆட்கள் மறுபடி வந்து வாசலை மறைக்கும் வரை.

இந்தத் தடவை அதிகாரியே வந்திருந்தார். "ஆடு சொன்னதும் அதே சொல்லை ஒரு சின்னக் குரல் திருப்பிச் சொல்லுது. உத்தரவு கிடைச்சதுன்னு ஒப்புக்கொள்ற மாதிரி. யார் அது?"

தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி குழந்தையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"குழந்தைங்க. விளையாட்டுக்குச் சொல்லுது," என்றார்.

"யாருதான் விளையாட்டுக்குச் சொல்லல? இப்போதைக்கு ஆட்டை மட்டும் எடுத்துக்கறோம். குழந்தையை நீங்களே பார்த்துக்கங்க. இன்னொரு தடவை எங்க காதுல விழக் கூடாது."

சீமாட்டியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு போனார்கள். தெரு முழுவதும் 'மே, மே' என்று கத்திக்கொண்டே போனது. ஒவ்வொரு கம்பமாகச் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. தபால்காரர் மட்டும் கதவிடுக்கில் வாத்தின் அலகைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

அதற்குப்பிறகு குழந்தை வாயைத் திறக்கும்போதெல்லாம் மனைவி தன் உள்ளங்கையை அதன் வாயில் வைப்பாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. மெதுவாகத்தான் வைத்தாள். இப்படியே சில நாள் போனது. பிறகு அவள் வைக்கத் தேவையில்லாமல் போனது. ஏதாவது சொல்ல வந்தால் குழந்தை தானாகவே தன் கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டது. தையல்காரர் அதை இயந்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஊசி அவருடைய விரலில் ஏறியதை அப்புறம்தான் கவனித்தார்.

பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுத்த சத்துமாவைக் குழந்தை குடிக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. ஆட்டைக் கறந்து பாலாவது கொண்டுவரலாமா என்று கேட்க அவர் வாரியத்துக்கு நடந்தார்.

அதிகாரியின் மேஜைமேல் ஏழெட்டுத் தடித்த புத்தகங்கள் திறந்து கிடந்தன. தூக்கம் கெட்ட கண்கள். தையல்காரரைக் கண்டதும் எழுந்தே விட்டார். "நாங்க ஏமாந்துட்டோம்! மேங்கறது மாசம் மட்டுமில்ல. ஆங்கிலத்துல அதுக்கு 'செய்யலாமா'ன்னு ஒரு அர்த்தம் இருக்கு. அனுமதி கேக்கற சொல்லு. அதுவும் ரொம்ப மரியாதையான சொல்லு. எனக்கே இவ்வளவு நாளா தெரியாது. உங்க ஆட்டுக்கு எப்படித் தெரியும்? என்ன செய்ய அனுமதி கேக்குது? யாரு அதுக்கு ஆங்கிலம் சொல்லிக்குடுத்தது?"

"ஆங்கிலத்துல கத்தணும்னுதானே சொன்னீங்க?"

"கத்தணும்னுதான் சொன்னோம். பேசச் சொல்லல," என்றார் அதிகாரி. "ஒரு ஆடு எங்களைவிட நல்லா ஆங்கிலம் பேசினா, அதைவிடப் பெரிய சந்தேகம் என்ன இருக்கு? நாளைக்கு என் நாற்காலியில அதை உட்கார வெச்சுட்டா?"

பால் விஷயத்துக்கு அவர் காதே கொடுக்கவில்லை. ஆட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

வாரியத்தின் பின்புறத்துக் கொட்டகையில் சீமாட்டி நின்றது. இளைத்திருக்கும் என்று நினைத்து வந்தவருக்கு ஆச்சரியம். வயிறு நிரம்பி, உடம்பு துடைத்துவிட்டது போல இருந்தது. முன்னால் புதுத் தழை.

"நல்லா கவனிக்கறீங்களே," என்றார் காவலாளியிடம்.

"நாங்க எங்க கவனிக்கறோம்? இதுக்குன்னு ஒரு பைசா ஒதுக்கல. அந்த ஏணிக்காரத் தம்பி இருக்கே, அதுதான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் தழை கொண்டாந்து போட்டுட்டு, புழுக்கை அள்ளிட்டுப் போகுது. உங்க சொந்தமாமே?"

தையல்காரருக்கு முதலில் தோன்றியது நன்றி இல்லை. எதற்காகச் செய்கிறான், இதில் அவனுக்கு என்ன லாபம் என்றுதான் தோன்றியது. இரண்டு தெரு தாண்டி வந்த பிறகுதான், தனக்கு அப்படித் தோன்றியது அவர் மண்டையில் உறைத்தது. ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். இவர்கள் ஆட்டைத்தான் பிடித்துக்கொண்டுபோனார்கள். தன்னைப் பிடித்துக்கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை, தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தார். அப்போதும் சுற்றிப் பார்த்துக்கொண்டுதான் நினைத்தார்.

மைத்துனனிடம் போய்ப் பேச வேண்டும் என்று தினமும் சட்டையை மாட்டுவார். தினமும் கழற்றி வைப்பார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் தெருக் காதைத் துடைக்கிற முறை வந்தது. மைத்துனன் ஏணியோடு வந்தான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கம்பத்தில் சாய்த்து ஏறிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினான். வாசலில் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

குழந்தை மேலே பார்த்தது. வழக்கம் போலக் கை வாய்க்குப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கையையே அவனை நோக்கி நீட்டி, இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்து, "மாமா!" என்று கத்தியது. "மாமா! மாமா! மாமா!"

மனைவி பதறிப்போய் அதன் வாயைப் பொத்தினாள். தையல்காரர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். எதிர்வீட்டு ஜன்னல்கள் பட்பட்டென்று மூடின. ஏணியில் நின்றவன் உறைந்துபோய்ப் பெட்டியைப் பார்த்தான்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அதிகாரி தையல்காரரைக் கூப்பிட்டு அனுப்பிக் கை குலுக்கினார். "வாழ்த்துக்கள்! உங்க ஆடு திருந்திடுச்சு. நேத்து உங்க வீட்டு வாசல்ல தெளிவா மா, மான்னு கத்தியிருக்கு. இவ்வளவு சுத்தமான உச்சரிப்பு இதுவரைக்கும் பதிவானதே இல்லன்னு மேலிடத்துலேர்ந்து பாராட்டு வந்திருக்கு."

"ஆனா ஆடு உங்ககிட்டதானே இருக்கு?" என்று தையல்காரர் தம்மை மறந்து கேட்டுவிட்டார்.

அதிகாரியின் சிரிப்பு மறைந்தது. எழுத்தர் கதவைச் சாத்தப் போனார்.

"காது தப்பா கேட்காது," என்றார் அதிகாரி மெதுவாக. "உங்க ஆடு உங்க வீட்லதான் இருக்கு. அப்படின்னா எங்க கொட்டகையில இருக்கறது யாரு?"

தையல்காரர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பதிவும் இல்லாத ஒரு ஆட்டை வாரியம் தீனி போட்டு வெச்சிருக்குன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? யாரு அதை உள்ள அனுப்பினது? எங்களை வேவு பார்க்கத்தானே?" அதிகாரி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நம்பிக்கையான ஆளு. ஒரு உதவி பண்ணுங்க. அதைச் சத்தமில்லாம எங்கேயாவது ஓட்டிட்டுப் போயிடுங்க. பின்வாசல் வழியா போங்க. யாரும் கேட்டா எங்களுக்குத் தெரியாது."

வாரியத்தின் பின்வாசலில் மைத்துனன் ஏணியைக் கழுவிக்கொண்டிருந்தான். தையல்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் தைத்துத் தைத்து வைத்திருந்தார்; அவனைப் பார்த்ததும் எல்லாத் தையலும் விட்டுப்போனது.

"குழந்தை உன்னைத் தேடுது," என்றார்.

அவன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆட்டின் பின்னால் நடந்து வந்தான். ஆடு வழியில் எல்லாக் கம்பத்துக்கும் தன்னுடைய கருத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. எல்லாம் சிவப்பு. ஒரு வாரியத்து ஆள் எதிரில் வந்தார். அந்த ஆட்டைப் பார்த்ததும் பார்க்காதவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீமாட்டியைக் கட்டி, பால் கறந்து, குழந்தை முதலில் குடித்து முடிக்கும் வரை வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மனைவி இருவருக்கும் தட்டு வைத்தாள். கணவர் பக்கம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குழந்தை மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தையல்காரர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"சாத்தாதீங்க அத்தான்," என்றான் மைத்துனன். "சாத்தின வீட்டைத்தான் முதல்ல கவனிப்பாங்க."

அவர் கை ஜன்னல் கதவிலேயே நின்றது. வெளியே கம்பம் தெரிந்தது. பெட்டியின் துளைகள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கதவை மறுபடி முழுதாகத் திறந்தார். அங்கேயே நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"மச்சான், உன்னைச் சந்தேகப்பட்டேன். வீட்டை விட்டுப் போக வெச்சேன். தப்பு என்னோடதுதான். நீ இங்கேயே இருக்கணும். உங்க அக்கா என்கிட்ட பேசணும்."

கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. கொட்டகையில் தழையைப் பார்த்ததையும், பார்த்த பிறகும் சந்தேகப்பட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது. யாரோ கவனிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. யார் என்று அவர் பார்க்கவில்லை.

"அத்தான், போதும், சிவப்பு நிக்காம எரியுது," என்றான் மைத்துனன் பயந்துபோய்.

"எரியட்டும்," என்றாள் மனைவி. கணவரின் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "வந்து உட்காருங்க. சோறு ஆறுது."